கடைசி டோக்கன்

கனகா: கத்தாம இன்னா பண்ணுவேன்? ஆபீசர்கிட்டப் போயி என் பேர எதுக்குக்கா இழுத்த?

சிட்டம்மாள்: மெதுவாப் பேசுடி. எதிர்லயே பேங்கு. என் கடையில இட்லி துன்றவன்லாம் வாய்ல வெச்சத முழுங்காம நம்மளையே பாத்துக்கினு கீறான்.

கனகா: பாக்கட்டும். உத்திரமேரூர் கதையெல்லாம் உங்கடையிலதான வேவுது. இன்னிக்கி என் கதையும் வேவட்டும்.

சிட்டம்மாள்: ஐய… யாரு சொன்னா உனக்கு?

கனகா: பியூன் பச்சமுத்து. இப்பதான் பேங்குல சொன்னான்.

சிட்டம்மாள்: டீ வாங்க வரட்டும் அவன். வெந்நிய ஊத்தி அனுப்பறேன். அடியே, நான் கெட்டது ஒண்ணும் சொல்லல. கேஷியர் முத்துகிருஷ்ணன் சாரக் காப்பாத்தத்தான் போனேன்.

கனகா: காப்பாத்தி… அவரு இப்ப எங்க கீறாரு?

சிட்டம்மாள்: மெட்ராஸ்ல.

கனகா: அதான்.

சிட்டம்மாள்: இரு, இரு. பாதிதான் கேட்டுகீற நீ. ஐப்பசியில அந்த ஆபீசர் வந்தாரா… பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயம் உடற வாத்தியார் மாதிரி கழுத்துல கடியாரத்தத் தொங்க விட்டுக்கினு? கவுன்டர் பக்கத்துல நாற்காலியப் போட்டுக் குந்திக்கினாரு. எவன் சீட்ட நீட்டுனாலும் ஒரு அமுக்கு. டோக்கன் நம்பரக் கூப்ட்டா மறுபடி ஒரு அமுக்கு. நாஷ்டாவுக்கு எங்கடைக்குத்தான் வந்தாரு. இன்னாத்துக்கு சார் இதுன்னு கேக்காம இருப்பனா?

கனகா: நீயாவது, கேக்காம இருக்கறதாவது.

சிட்டம்மாள்: மெட்ராஸு, காஞ்சீவரம், பெரிய பெரிய பேங்கையெல்லாம் இப்பிடித்தான் அளக்கறாங்களாம். எத்தினி ஆளு, எத்தினி மேசை, எத்தினி மணி நேரம்… அதுக்கு ஏத்த வேலை நடக்குதான்னு.

கனகா: எங்க பால் சொசைட்டியில தீனிக்கும் பாலுக்கும் கணக்குப் பாக்கற மாதிரி.

சிட்டம்மாள்: ஆங், அதே. அதுல நம்ம ஊரு மாடு துன்னுதே ஒழிய கறக்கலன்னு வந்திச்சு. கவுன்டர்ல கீற ஆளு ரொம்ப மந்தம்னுட்டாரு.

கனகா: மந்தமா? அவரா?

சிட்டம்மாள்: எனக்கும் பகீர்னு ஆயிடுச்சு. ஏன் சார்னு கேட்டேன். செவ்வாக்கெழம காலையில குடுத்த ஒரு டோக்கன, மதியானம் பேங்கு மூடற நேரத்துக்குத்தான் கூப்ட்டாராம். அந்த ஒண்ணே மொத்தக் கணக்கையும் கீழ இழுக்குதாம். யாரு டோக்கன் அது?

கனகா: யாருதோ. பேங்குக்கு எத்தினியோ பேரு வர்றாங்க.

சிட்டம்மாள்: சொல்லேன். மழுப்பாதடி.

கனகா: என்னுதுதான்.

சிட்டம்மாள்: திருப்புலிவனத்துலேர்ந்து சொசைட்டி செக்க மாத்த வர்ற பொண்ணு. கையில பித்தளை டோக்கனக் குடுத்து பெஞ்சில குந்த வெச்சிட்டு, பின்னால வந்தவனெல்லாம் போனப்புறந்தான் உன்னக் கூப்புடுவாரு. வாராவாரம் எங்கிட்ட நீதான பொலம்புன? எனக்கு வேற வேலையே இல்லன்னு நெனச்சுக்கினாரா அந்த மனுசன்னு…

கனகா: பொலம்புனா? அது போயி ஆபீசர் காதுல வுழணுமா?

சிட்டம்மாள்: பொலம்பறப்ப உம்மூஞ்சியில கீற சிரிப்ப நான் பாக்கலன்னு நெனச்சியா? செவ்வாக்கெழம மட்டும் கனகாம்பரம். செவ்வாக்கெழம மட்டும் அந்த மாம்பழக் கலர் பொடவ. பன்னெண்டு மணி பஸ்ஸு காலியாப் போவுது, அதுல ஏற மாட்ட.

கனகா: அதுல… கூட்டமா இருக்கும்.

சிட்டம்மாள்: இருக்கும், இருக்கும். அந்த ஆளுக்கு உம்மேல ஒரு இது, அதான் குந்த வெச்சுப் பாத்துக்கினு கீறாருன்னு நெனச்சேன். நல்ல எடம், கவுருமெண்டு மாதிரி சம்பளம். மந்தம்னு எழுதி எங்கியாச்சும் தூக்கி அடிச்சிட்டா உங்கதி இன்னாவறது? அதான் போயி சொன்னேன். சார், அவரு கை மந்தம் இல்ல. அந்தப் பொண்ணு டோக்கன மட்டும் வேணும்னே வெச்சுக்கினு கீறாரு. அத நீக்கிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கன்னு. கையில கீற வடைய மறந்துட்டுச் சிரிச்சாரு அந்த ஆபீசர்.

கனகா: நீக்கிட்டுப் போட்டாரு. போட்டா, சுத்துப்பட்டு பேங்குலயே அவரு கைதான் வேகம்னு வந்திச்சு. மெட்ராஸ்ல கூட்டம் தாங்கல, இப்பிடி ஒரு ஆளு இங்க வீணாக் கெடக்குதேன்னு அள்ளிக்கினு பூட்டாங்க. மந்தம்னே எழுதியிருந்தா…

சிட்டம்மாள்: இங்கியேதான் கெடந்திருப்பாரு. மந்தமானவன எவன் கேக்கறான்… அது எனக்கு அப்பத் தெரியலியேடி.

கனகா: ம்.

சிட்டம்மாள்: ஒரு வடை துன்றியா?

கனகா: வேணாம்… நோட்டு எண்றப்ப அவருக்கு உதடு அசையும்க்கா. சாமி கும்புடறாப்பல. எல்லாரும் போனப்புறம், ஃபேன் சத்தம் மட்டும் இருக்கும். அப்ப என் நம்பரக் கூப்புடுவாரு. கத்தக்கூட மாட்டாரு. நான் ஒருத்திதான குந்திக்கினு இருப்பேன்.

சிட்டம்மாள்: இப்ப வந்துகீறவரு?

கனகா: படு வேகம். பெஞ்சி சூடாவறதுக்குள்ள கூப்ட்டு, பணத்தக் கையில வெச்சிடறாரு. இன்னிக்கி வாசல்ல செருப்ப வுட்டுட்டு உள்ள போனேன், தெரியல, அதுக்குள்ள வேலை முடிஞ்சு வெளிய நிக்கறேன்.

சிட்டம்மாள்: கனகா… இன்னொண்ணு கீது. எப்பிடிச் சொல்றதுன்னு…

கனகா: சொல்லேன். புதுசா இன்னா வந்துடப் போவுது.

சிட்டம்மாள்: தையில அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. மாமன் பொண்ணாம், மெட்ராஸ்லயே குடித்தனம் வெச்சிட்டாராம். பச்சமுத்து போயி சாப்ட்டுட்டு வந்தான். உங்கிட்ட மூச்சு வுடக்கூடாதுன்னு நான்தான் அவன் வாயக் கட்டிப் போட்டேன்… பாவி மனுசன். ஒரு பொண்ண அத்தினி நாளு பெஞ்சில குந்த வெச்சு ஆச காட்டிட்டு—

கனகா: அவரத் திட்டாதக்கா.

சிட்டம்மாள்: இன்னாடி… அழுவக்கூட இல்ல நீ?

கனகா: மாமன் பொண்ணப் பேசி வெச்சுகீதுன்னு அவரே எங்கிட்ட சொல்லிகீறாரு. இந்த ஊருக்கு வந்த புதுசுலயே.

சிட்டம்மாள்: தெரிஞ்சுமா கனகாம்பரம் வெச்ச? அப்ப… அந்த ஆளு எதுக்கு உன் டோக்கன மட்டும் கடைசியில வெச்சாரு?

கனகா: அவரு எங்கக்கா வெச்சாரு… நான்தான் கேட்டேன். எனக்கு ரெண்டு மணிக்குத்தான் சார் பஸ்ஸு, எல்லாரையும் அனுப்பிட்டு நிதானமாக் கூப்புடுங்கன்னு பொய் சொன்னேன். சரிம்மான்னாரு. ஏன்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல. வாராவாரம் அத மறக்காம இருந்தாரு பாரு, அது போதும்னு இருந்தேன்… எழுந்திருக்கறேன்க்கா, பன்னெண்டு மணி பஸ்ஸு வந்துடும். அடுத்த செவ்வாலேர்ந்து சொசைட்டிக்காக எல்லம்மா வருவா, அவளுக்கு பேங்கக் காட்டி வுடு. எனக்குத் தென்னேரியில மாப்ள பேசிட்டாங்க, பங்குனியில கல்யாணம். அந்த வூட்ல பேங்கு வேலையெல்லாம் ஆம்பளைங்கதான் பாப்பாங்களாம்.