சிங்காரம் எடுத்த முதல் முகம்

அவைக்குத் தலைமை தாங்கி, பேசுகிறவன் நீட்டினால் அடிப்பதற்கென்றே மேசைமேல் மணியை எடுத்து வைத்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா மணவாளனார் அவர்களே! தணிகை மலையைத் தினமும் அண்ணாந்து பார்த்து வாழும் இத்திருநகரின் பெரியோர்களே! அம்மையார்குப்பத்தில் தறியை நிறுத்திவிட்டு வந்து, நிறுத்திய தறியையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நெசவுக் குடும்பத்து நல்லோர்களே! ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் நின்றபடி வந்து, இங்கே நாற்காலி கிடைத்ததில் முகம் மலர்ந்திருக்கும் தாய்மார்களே! ஆந்திர எல்லை தாண்டி நகரியிலிருந்து வந்திருக்கும் சம்பந்தி வீட்டாரே! இரண்டாம் வரிசையில் அமர்ந்து, சுருக்கமாகப் பேசு என்று கண்ணாலேயே கட்டளையிடும் என் இல்லத்தரசி நிஷாத் பேகம் அவர்களே! உங்கள் எல்லோரையும் சுற்றுலா வேன் ஓட்டும் இந்த நசருல்லா நெஞ்சில் கைவைத்து வணங்குகிறேன்.

இந்த மண்டபத்துச் சுவரெங்கும் தொங்குகின்றனவே படங்கள், இவற்றை எடுத்தவர் யார்? கலைக் கல்லூரியில் கற்றவரா? இல்லை. காமிரா கடை வைத்தவரா? இல்லை. அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டும் என் ஆருயிர் நண்பர் சிங்காரம்! வாரமெல்லாம் தறியோடு தடதடப்பார். விடுமுறை வந்தால் கழுத்தில் காமிராவை மாட்டிக்கொண்டு என் வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவார். நாங்கள் போகாத ஊர் உண்டா? நனையாத அருவி உண்டா? எங்கே போனாலும் படம் எடுப்பது அவர் ஒருவர்தான். வேறு யாராவது செல்போனைத் தூக்கினால் அன்று பகல் முழுவதும் பேசமாட்டார்.

ஆனால் அன்பர்களே, உள்ளே நுழைந்ததும் உங்களுக்கெல்லாம் ஒரு சந்தேகம் வந்திருக்குமே! அதோ, பின்வரிசையில் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், சிரியுங்கள்! அந்த முதல் படத்தைப் பாருங்கள். கீழே 'ஊட்டி' என்று எழுதியிருக்கிறது. மலை எங்கே? மலை இல்லை. மேகம் எங்கே? மேகம் இல்லை. தேயிலை எங்கே? ஓர் இலைகூட இல்லை. இருப்பது என்ன? சிங்காரத்தின் துணைவியார் வள்ளிநாயகி அம்மாவின் முந்தானை! அடுத்தது கன்னியாகுமரி. கிழக்கே கடலைக் கிழித்துக்கொண்டு கதிரவன் எழுகிறான், கூட்டமே கைதட்டுகிறது. நம்மவர் கதிரவனுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். ஏன்? அந்த வெயில் வள்ளிநாயகி அம்மாவின் சேலைக் கரையில் நன்றாக விழுந்ததாம்! அவ்வளவு தூரம் ஏன், நம் மணவூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன், ரயில் வரும்போது எடு என்று சொன்னேன். எடுத்தார். படத்தில் என் லுங்கி இருக்கிறது. பின்னால் ஒரு மூலையில் கறுப்பாக ஏதோ ஓடுகிறது, அதுதான் ரயில்.

சரி, லுங்கியாவது என் லுங்கி என்று எப்படித் தெரியும்? முகம் இருந்தால்தானே தெரிவதற்கு! அந்தப் படத்தை வீட்டில் மாட்டினேன். வந்தவர்கள் எல்லாம் யார் இது என்று கேட்டார்கள். நிஷாத் பேகம் லுங்கிக் கட்டத்தைப் பார்த்துத்தான் என்னை அடையாளம் சொன்னார். ஆமாம், நீ சொன்னாய் பேகம், நான் இல்லாததைச் சொல்லவில்லை.

இது ஏன் இப்படி? சிங்காரத்தின் கண் நெசவுக் கண். அது பாதத்தருகே கரையில் தொடங்கும், கொசுவத்தில் ஏறும், முந்தானையைத் தடவிப் பார்க்கும், தோளில் வந்து நின்றுவிடும். தோளுக்கு மேலே துணி இல்லை. துணி இல்லாத இடத்தில் அவருக்கு வேலையும் இல்லை. இப்படியே எங்கள் எல்லோர் தலையையும் ஊர் ஊராகக் கொண்டுபோய் வெட்டிக்கொண்டிருந்தார் இந்தச் சாதுவான மனிதர்.

சிரித்துக்கொண்டிருந்தோம், பெரியோர்களே. சிரிப்பு எங்கே நின்றது தெரியுமா? இவர் மகள் பிரியங்காவுக்கு வரன் வந்த இடத்தில் நின்றது.

நகரியிலிருந்து வரன். மாப்பிள்ளை திலீப், நல்ல பிள்ளை, அவர்களும் தறிக் குடும்பம். மாப்பிள்ளையின் தாயார் மணியம்மை அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஸ்டுடியோவில் வெளுப்பேற்றிய படம் வேண்டாம், எங்கேயாவது வெளியே போனபோது இயல்பாக எடுத்த படம் இருந்தால் அனுப்புங்கள். இதைக் கேட்டதும் சிங்காரத்துக்குத் தலைகால் புரியவில்லை. தம் காமிராவுக்கு இப்படி ஒரு கௌரவமா! பூண்டி ஏரிக்கரையில் அரக்குக் கரை போட்ட மாம்பழ மஞ்சள் சேலையில் மகள் நிற்கும் படம். சேலை அவர் தறியிலேயே ஓடியது. உடனே வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்.

அந்தப் படம் நகரிக்குப் போனது. அங்கே மணியம்மை அம்மா பார்த்தார்கள், பெரிதாக்கிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பார்த்தார். பக்கத்துத் தறிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் தம் தம்பியைக் கூப்பிட்டார். கரை நேராக நிற்கிறதா என்று ஒரு வாதம், அரக்கு நிறம் நிற்குமா என்று ஒரு வாதம். கடைசியில் எல்லோரும் கூடிப் பேசி, "எங்களுக்குப் புடிச்சிருக்கு" என்று பதில் அனுப்பினார்கள். பார்த்தீர்களா! படம் எடுத்தவர் தறிக்காரர், படம் பார்த்தவர்களும் தறிக்காரர்கள். பெண் பார்த்தாகிவிட்டது, பெண்ணைத்தான் ஒருவரும் பார்க்கவில்லை!

சிங்காரம் எனக்குப் போன் போட்டார். ஓடினேன். கையில் ஒரு லட்டும் செல்போனும் கொடுத்தார்கள். லட்டைக் கடித்தேன். படத்தைப் பார்த்தேன். மென்றது நின்றுவிட்டது.

"இன்னாப்பா சிங்காரம், இதுல பொண்ணு மூஞ்சி எங்க?"

அவர் செல்போனை வாங்கினார். விரலால் படத்தைக் கீழே இழுத்தார். மேலே எங்காவது மிச்சம் இருக்கும் என்று நினைத்தார் போலும். இழுத்து இழுத்துப் பார்த்தார். அப்போது பார்த்து நகரியிலிருந்து போன் வந்தது. அங்கே கேஸ் சிலிண்டர் போட வந்தவர், பாவம், நெசவு தெரியாதவர், படத்தைப் பார்த்து நான் கேட்ட கேள்வியையே கேட்டிருக்கிறார்! மணியம்மை அம்மாவின் குரல் மாறியிருந்தது. முகத்தை ஏன் மறைத்தீர்கள், பெண்ணுக்கு ஏதாவது குறையா, முகம் தெரியும்படியாகப் போன வருஷம், அதற்கு முந்திய வருஷம் எடுத்த படம் ஒன்றாவது அனுப்புங்கள், இல்லையென்றால் இதோடு விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, உள்ளதைத்தான் சொல்கிறேன். பெற்றவர் யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்பார்கள்.

சிங்காரம் உட்கார்ந்து தேடினார். மகள் குழந்தையாக இருந்த படத்தை எடுத்தார், தூளிச் சேலை தெரிந்தது. பள்ளிக்கூடம் போன படத்தை எடுத்தார், பாவாடை மடிப்பு தெரிந்தது. ஆடிக் கிருத்திகைக்கு மலையேறிய படம், தாவணி. கல்லூரி விழா, சேலை. அத்தனை படம் எடுத்த அந்தத் தகப்பனிடம் பெற்ற மகளின் முகம் ஒன்றுகூட இல்லை. வள்ளிநாயகி அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பிரியங்கா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை, அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நைனா, இத்தினி வருசமா படம் எடுத்துகினு இருக்கியே, என் மூஞ்சிய எப்பனாச்சும் பாத்துகீறியா?"

சிங்காரம் கையிலிருந்த செல்போனைக் கவிழ்த்து வைத்தார். ஐயா தலைவர் அவர்களே, மணியில் கைவைக்காதீர்கள், இங்கே நிறுத்தினால் உங்களுக்கே தூக்கம் வராது!

அந்தப் பெண் என்ன செய்தாள்? தன் செல்போனை எடுத்தாள். முகத்துக்கு நேரே பிடித்தாள். நெற்றி முதல் தாடை வரை, ஒரு நூல் துணிகூட இல்லாமல் முகத்தை மட்டும் எடுத்தாள். மூக்கின் மேல் கோபம் அப்படியே இருந்தது. நகரிக்கு அனுப்பிவிட்டுக் கூடவே குரல் பதிவிலும் சொன்னாள்: "முன்னாடி வந்த படத்துக்கு மேல இத்த வெச்சிப் பாருங்க, சரியா பொருந்தும்."

போச்சு, வரன் போச்சு என்று நான் மீதி லட்டையும் கீழே வைத்துவிட்டேன். சற்று நேரத்தில் பதில் வந்தது. திலீப் தம்பி அனுப்பியிருந்தார். அவர் அப்பா எடுத்த படம் ஒன்று, வேட்டி சட்டையோடு காலர் வரை. அவரே எடுத்த முகம் ஒன்று, தனியாக. "எங்க வூட்லயும் இதே கததாங்க" என்று கீழே ஒரு வரி! வீடே சிரித்தது. லட்டை எடுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் பேசி முடிந்த கல்யாணம்தான் நம் மலைமேல் அமோகமாக நடந்தது.

கல்யாணத்துக்குக் கூலிக்குப் படக்காரர் வைத்தோம். சிங்காரத்தின் காமிராவை வள்ளிநாயகி அம்மா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். மகளை அனுப்புகிற நேரம் வந்தது. வேனில் நான் ஓட்டும் இடத்தில் இருக்கிறேன். பிரியங்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். மணியம்மை அம்மா மருமகளுக்காகத் தம் தறியில் தாமே நெய்த பட்டு உடம்பில் தகதகக்கிறது. என்ன ஜரிகை, என்ன கரை! சிங்காரம் ஜன்னலருகே வந்தார், சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். ஐயோ, இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டாரே என்று கண்ணாடியில் பார்த்தேன். ஒரே ஒரு படம் எடுத்தார். வண்டியை எடு பாய் என்று எனக்குச் சைகை காட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தப் படம்தான் அதோ, கடைசிச் சுவரில் தனியாகத் தொங்குகிறது. கை ஆடியதால் கொஞ்சம் கலங்கியிருக்கிறது. அழுது சிவந்த மூக்கு இருக்கிறது, கலைந்த மை இருக்கிறது, கன்னத்தில் ஒட்டிய முடி இருக்கிறது. படம் முழுக்கப் பிரியங்காவின் முகம்.

சற்று முன்பு மணியம்மை அம்மா அந்தப் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார்கள். பிறகு சம்பந்தியைக் கூப்பிட்டு, ஆற்றாமையோடு கேட்டார்கள்.

"எல்லாம் சரிண்ணே. நான் நெய்ஞ்ச பட்டு எங்க?"

சிங்காரம் சொன்னார்:

"அன்னிக்கு அது என் கண்ணுல படலம்மா."

மணியம்மை அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் படத்தில் தமக்கும் ஒரு பிரதி வேண்டும் என்றார்கள். அடி பிரியங்கா, அங்கே உட்கார்ந்து அழாதே, உன் அப்பா மறுபடியும் எடுக்கக் கிளம்பிவிடுவார்!

இதோ, தலைவர் மணியை அடித்தே விட்டார். கலைவதற்கு முன் எல்லோரும் இந்த மேடையருகே வாருங்கள், நம்மையும் ஒரு படம் எடுக்கச் சிங்காரத்திடம் சொல்லியிருக்கிறேன். தாய்மார்களே, சேலையைச் சரிசெய்ய வேண்டாம், முகத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள். பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கும், அதைவிடப் பொறுமையோடு கேட்ட நிஷாத் பேகத்துக்கும் என் மனமார்ந்த நன்றியைச் சொல்லி அமர்கிறேன். எல்லோரும் நல்லபடி ஊர் போய்ச் சேருங்கள், வணக்கம்!