தர்மா சொல்லாத பயணம்

— தர்மா பனியில பொரண்டானாமே, உண்மையா மகேன்?

— பொரளலக்கா. வழுக்கி விழுந்தான். விழுந்தது தெரியக் கூடாதுன்னு ரெண்டு பொரளு பொரண்டு, போட்டோ எடுடான்னான்.

— அந்தப் படத்ததான் அம்மா இருபது வருசமா சாமி மேடை பக்கத்துல மாட்டி வச்சிருக்காங்க.

— அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.

— சாப்பிடு. பதினாறாம் நாளு சாப்பாடு, மிச்சம் வைக்காத.

— ரொம்ப வச்சிட்டீங்கக்கா.

— தம்பிக்குப் படைச்சதுலா. ஆறு வருசம் மாஸ்கோவுல அவன்கூட டாக்டருக்குப் படிச்ச, அப்புறம் ஊருக்கு வந்து சிலிபின் டவுன்ல ரெண்டு பேருக்கும் ஒரே கிளினிக்கு. நீ சாப்பிட்டா போதும். சொல்லு, அந்த ரயில் பயணம்... ரெண்டாவது வருசம் குளிர் லீவுல போனீங்களே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல அவன்.

— அவன்தான் உங்ககிட்ட பேசவே...

— பேச மாட்டான். என் கல்யாணத்துக்கே வந்து சமையக்காரனோட நின்னுட்டுப் போனான். அதான் உன்னைக் கேக்குறேன்.

— என்னத்தச் சொல்ல... பிராக்குல ஒரு பழைய பாலம். ஊரே நின்னு படம் எடுக்குது. இவன் எட்டிப் பாத்துட்டு, ‘இத நம்ம தோட்டத்து சுங்காய் ஆத்துல கட்டிருந்தா மழைக்காலத்துல ஸ்கூல் பஸ்ஸாவது வந்திருக்கும்’னான்.

— அவ்வளவுதானா?

— அப்புறம் பசிக்குதுன்னான்.

— அது அவன்தான்.

— ரயில்ல ஒரு நா, அம்மா குடுத்தனுப்பின நெத்திலி சம்பல் போத்தல தொறந்தான். பெட்டியில இருந்த நாலு பேரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. டிக்கெட் பாக்குறவன் வந்தான், இங்க என்ன செத்துப் போச்சுன்னு கேட்டான்.

— அப்புறம்?

— தர்மா சம்பல எடுத்தான். ரொட்டியில தடவி அவன் கையில குடுத்தான். தின்னான். கண்ணுல தண்ணியா கொட்டுது. இன்னொன்னு வாங்கித் தின்னுட்டு, டிக்கெட்ட பாக்காமலே போயிட்டான். நல்லதாப் போச்சு, நாங்க ஏறினதே தப்பான ரயிலு.

— அம்மா செஞ்ச சம்பல்னா சொன்னான்?

— ஆமாக்கா.

— நான் கிண்டினது. கையெல்லாம் ரெண்டு நாளு எரிஞ்சிச்சு. சரி போகட்டும்... புடாபெஸ்டுல எத்தன நாளு?

— நாலு. சரியான சிஜோக்குக்கா, அப்படி ஒரு குளிரு. மூக்கு இருக்கான்னு அடிக்கடி தொட்டுப் பாத்துக்கணும்.

— முத நாளு?

— தூங்கினோம்.

— ரெண்டாவது நாளு?

— அங்க சுடுதண்ணிக் குளம் இருக்கு. மேல பனி கொட்டும், தண்ணியில ஆவி பறக்கும். கெழவனுங்க இடுப்பளவு தண்ணியில நின்னு செஸ் ஆடுவாங்க. தர்மாவும் எறங்கினான். மூணு ஆட்டம். மூணுலயும் தோத்தான். நாலாவதுக்கு யாரும் சேத்துக்கல.

— நீ?

— நான் மேல... துணிமணி, ஹேன்போனு எல்லாம் பாத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு பேருக்கும் ஒரே போனுதான்.

— ம்.

— அக்கா... ஒன்னு சொல்லணும். அவன் போனதுலேருந்து வாய் வரைக்கும் வருது.

— ரசம் ஊத்தவா?

— வேணாங்க்கா. அப்பா தவறினதும் அன்னைக்குத்தான், நீங்க அந்தப் போனுக்கு அடிச்சீங்க.

— தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணி ஆபீஸ்லேருந்து. வாசல்ல தோட்டமே கூடி நின்னுச்சு.

— அத எடுத்தது நான். ஹலோன்னுகூட சொல்லல, ‘தர்மா, அப்பா போயிட்டாருடா’ன்னு அழுதீங்க. நான் மகேன் பேசுறேன்னு சொல்ல வாய் வரல. ‘சரிக்கா’ன்னேன். வச்சிட்டேன்.

— இந்தா, தண்ணி குடிச்சுக்க.

— ஒரே மகன், கொள்ளி அவன்தான் போடணும். எனக்குத் தெரியாதா... எப்படியும் போய்ச் சேர ரெண்டு நாளாகும், அதுக்குள்ள எரிச்சிடுவாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதெல்லாம் சும்மாக்கா. அவன் கெளம்பிட்டா நானும் திரும்பணும். எனக்கு ஊர் பாக்கணும். அவ்வளவுதான். மாஸ்கோ போயிச் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்.

— மாஸ்கோ போயும் சொல்லல நீ.

— சொல்லல. அவனே வீட்டுக்கு அடிச்சுத் தெரிஞ்சிக்கிட்டான். என்னைக் கொல்லப் போறான்னு பாத்தா, ‘விமலாவுக்கு லைன் கெடைக்கலையாம்டா மச்சான், ஒம்பது நாளாவா கெடைக்கல’ன்னு என் தோள்ல சாஞ்சு அழுறான். நானும் முதுகத் தட்டிக் குடுத்தேன்... நெனச்சா கேவலமா இருக்குக்கா.

— சோறு ஆறுது.

— நீங்க அவன்கிட்டயே பேசிட்டோம்னுதான நெனச்சிருப்பீங்க?

— அவன் என்னைக்கு என்னை அக்கான்னான்? வெறும் விமலாதான். நீ ‘சரிக்கா’ன்னப்பவே யாருன்னு தெரிஞ்சிச்சு.

— தெரிஞ்சுமா... லைன் கெடைக்கலன்னு ஏங்க்கா சொன்னீங்க?

— வேற என்ன சொல்லச் சொல்ற? இன்னும் நாலு வருசம் அந்தக் குளிருல அவனுக்கு உன்னை விட்டா யாரு இருந்தா. நான் கூடப் பொறந்தவதான, என்மேல கோவம் ஆறு மாசம் இருக்கும், தீபாவளிக்கு வந்தா பேசிடுவான்னு நெனச்சேன்... பேசாமலே போயிடுவான்னு நெனைக்கல மகேன்.