பசீலியாவுக்கு ஒரு கவுன்

— கொக்கியை மாட்டிட்டியா இல்லியா? மூச்சு விட முடியல மவளே.

— மாட்டியாச்சும்மா. கையை இறக்கு.

— காலெல்லாம் குளிருது. இந்தக் குளிருக்கு முழங்காலோட நிக்கிற உடுப்பை எந்தப் புண்ணியவான் தைச்சான்?

— கீழ மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் இவ்வளவு குளிராதும்மா.

— ஆமா, மலை உச்சிக் குளிரை நமக்கு விட்டுட்டு, லா பாஸ் பணக்காரங்க கீழ வெயிலையும் சேத்துல்ல வாங்கி வச்சிருக்காங்க. மத்த ஊர்ல ஆளு உசந்தா மேல ஏறுவான். நீ உசந்து மலையடிக்கு இறங்கிட்ட.

— குத்திக்காட்டாதம்மா.

— பெருமையாத்தான் சொல்றேன். உருளைக்கிழங்கு விக்கிற பசீலியா மக யோவானா வக்கீலு. சந்தையில எவகிட்ட வேணா கேட்டுப் பாரு. ஆனா நம்ம மலைச்சனம் காலங்காலமா கட்டுற அடுக்குப் பாவாடைக்கு என்ன குறை?

— குறையெல்லாம் இல்ல. அவங்க வீட்டுல பாவாடை கட்டினவங்கன்னா சமையல்கட்டுல நிக்கிறவங்கதான்.

— ம். நம்ம வட்டத் தொப்பி?

— கவுனுக்கு ஒத்து வராதும்மா. ரெட்டைச் சடையையும் அவுத்துக் கொண்டை போட்டுக்கலாம்.

— சரி. இத்தனை நாளு உங்கம்மா ஏன் வரலன்னு கேட்டிருப்பாங்களே, என்ன சொல்லி வச்ச?

— விடும்மா.

— சொல்லு, நான் போய் மாத்தி உளறிடக் கூடாதுல்ல.

— உடம்பு முடியலன்னு. கீழ இறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதா.

— அடியே, மேல ஏறினா மூச்சு வாங்கும். கீழ இறங்கி எவளுக்கு நோவு வந்துச்சு? வக்கீலுக்குப் பொய்கூடச் சரியா வரலியே.

— சிரிக்காத. நீ சிரிச்சா எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு.

— அழுவுறியா என்ன?

— கண்ணாடியில பாரு. கையை எங்க வைக்கன்னு தெரியாம நிக்கிற. பாவாடையோட நீ சந்தைக்குள்ள நுழைஞ்சா அவனவன் ஒதுங்கி வழி விடுவான். அதைப் பிடிச்சுக்கிட்டே வளந்தவ நான். இன்னைக்கு அதைப் பாத்து எனக்கு வெக்கம். நானெல்லாம் ஒரு மக.

— விடு. காலம் அப்படி.

— காலம் இல்லம்மா, நான்தான். கழட்டிடு இதை. சனிக்கிழமை நிச்சயத்துக்கு நீ உன் பாவாடை, சால்வை, தொப்பியோடயே வா. என் பக்கத்துல உக்காரு. கொன்சாலோகிட்டயும் அவங்கம்மாகிட்டயும் இன்னைக்கே சொல்லிடுறேன்.

— சொல்லாத யோவானா.

— ஏன்?

— போன ஞாயித்துக்கிழமை போனை இங்கயே மறந்து வச்சிட்டுப் போனியே. அப்ப கொன்சாலோவோட அம்மா கூப்பிட்டாங்க. எடுத்துட்டேன். யாருன்னு கேட்டாங்க. நீ என்னத்தைச் சொல்லி வச்சிருக்கியோ, உன் பேச்சு கெட்டுடக் கூடாதேன்னு, உன் வீட்டு வேலைக்காரின்னுட்டேன்.

— அம்மா...

— நல்ல மாதிரியாத்தான் பேசினாங்க. சனிக்கிழமை விருந்துக்குப் பரிமாற ஆள் பத்தலயாம், வர்றியான்னாங்க. சரின்னுட்டேன். உன்னைக் கிட்ட நின்னு பாத்த மாதிரியும் இருக்கும்ல.

— அப்ப இந்தக் கவுனை ஏம்மா போட்ட?

— ஆசையா வாங்கிட்டு வந்தியே, உன் மனசு நோகக் கூடாதேன்னுதான். ஆனா அவங்க கண்டிப்பாச் சொல்லிட்டாங்க மவளே. பாவாடை, தொப்பியோட வந்து நின்னாத்தான் விருந்துக்கே அழகா இருக்குமாம்.