செம்பருத்திக்குக் காவல்

லஸ் பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்னால் நின்ற மாமி பெருமையாகச் சொன்னார்: “திருடறவா வரதுக்குள்ள அத்தனை பூவையும் நானே பறிச்சுண்டு வந்துடறேன்.”

பக்கத்தில் நின்ற டீச்சர் பெருமூச்சு விட்டார்.

“மாமி, அந்தக் குப்பைமேட்டைத் தோட்டமாக்க, லாரித் தண்ணியில பாதிய நம்ம தெருவே ஊத்துச்சு. இப்ப என்னடான்னா, ‘பூவே இல்ல, இது தோட்டமா? கார் நிறுத்த விட்டுடலாம்’ங்கறாங்க கார்ப்பரேஷன்ல.”

“அக்கிரமம்! புல்டோசர் வரட்டும், நான் குறுக்க படுத்துக்கறேன்.”

“அதெல்லாம் வேணாம். நாளைக்குக் காலையில ஆபீசர் பார்க்க வர்றார். நாளைக்கு மட்டும் பறிக்காம இருங்க, போதும்.”

மாமி நிஜமாகவே யோசித்தார்.

“நாளைக்கு வெள்ளிக்கிழமையாச்சே ஸ்டெல்லா! அவரை வேற நாள் வரச் சொல்லேன்.”