கையுறை போட்ட அப்பா

நந்திதா: ஏங்க, ஹவுராவுல பெட்டியைத் தூக்கினீங்க, பையைத் தூக்கினீங்க, பால் புட்டியக்கூட விடல. பெத்த பிள்ளையைத் தூக்க போர்ட்டரையா கூப்பிடணும்?

மகேஸ்வரன்: அதான் வீடு வந்தாச்சே… அக்ஷரா தூங்குறா. எதுக்கு எழுப்பிக்கிட்டு?

நந்திதா: கண்ணை உருட்டி உங்களையேதான் பாக்குறா. இது தூக்கமா?

மகேஸ்வரன்: எங்க அப்பா கண்ணைத் தெறந்துக்கிட்டேதான் தூங்குவாரு…

நந்திதா: சரிதான்! கையில என்ன வெள்ளை உறை? டாலிகஞ்ச்ல டிராஃபிக் போலீஸ் வேலை கெடைச்சிருச்சா?

மகேஸ்வரன்: இது… சாந்த்ராகாச்சி ரயில் யார்டுல…

நந்திதா: யார்டு இங்க வந்துருச்சா? கழட்டுங்க பாப்போம்.

மகேஸ்வரன்: ஏய்… விடு… விடுங்கிறேன்ல…

நந்திதா: ஐயோ! என்னங்க இது, விரல் இடுக்கெல்லாம் செவந்து வெடிச்சு…

மகேஸ்வரன்: இப்ப எவ்வளவோ தேவலை. எக்ஸிமான்னு டாக்டர் சொன்னாரு. கிரீஸ் போக மண்ணெண்ணெய், அப்புறம் சோப்புத்தூள்… அதுதான் கிளப்பி விடுதாம். இப்ப வெந்நி கெடையாது, வாசனை சோப்பு கெடையாது. கை கழுவுனா ஈரம் காயறதுக்குள்ள களிம்பு. அரிச்சா சொறியாம ஈரத்துணி.

நந்திதா: அடேயப்பா, பாடம் ஒப்பிக்கிறாப்ல!

மகேஸ்வரன்: கீழ்வீட்டு வங்காளி அண்ணி கத்திரிக்காயை நிறுத்தச் சொன்னாங்க. நிறுத்துனேன்.

நந்திதா: அரிப்பு நின்னுச்சா?

மகேஸ்வரன்: கத்திரிக்காய் நின்னுச்சு.

நந்திதா: சிரிக்க வைக்காதீங்க, கோவமா இருக்கேன். நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனப்புறம் வந்ததா?

மகேஸ்வரன்: ம்…

நந்திதா: அப்ப பேர் வைக்கிற அன்னைக்கு, கும்பகோணத்துல… கையைத் துண்டுக்குள்ள விட்டுக்கிட்டு, பிள்ளையை மடியில வாங்காம எந்திரிச்சுப் போனீங்களே?

மகேஸ்வரன்: அந்த உறையை இப்படிக் குடு, மாட்டிக்கிறேன்.

நந்திதா: "பொண்ணாப் பொறந்தது மாப்பிள்ளைக்குப் பிடிக்கல"ன்னு சித்தி வாய்விட்டே சொன்னாங்க. அஞ்சு மாசமா அதை நெனச்சு அழுதுக்கிட்டிருக்கேன்.

மகேஸ்வரன்: பைத்தியமா நீ? பொண்ணுன்னதும் யார்டு பூரா சந்தேஷ் ஸ்வீட் குடுத்தேன்டி! நீ அனுப்புற படம் அத்தனையும் காட்டியாச்சு. "என்ன அண்ணா, எல்லாத்துலயும் முகம் மறைய குல்லா, முழுக்கை சட்டை… உங்க ஊர்ல பனி பெய்யுதா"ன்னு கிண்டல் வேற.

நந்திதா: அப்புறம் ஏன் தொடல?

மகேஸ்வரன்: பூவாட்டம் தோலு, நந்து. என் கை பட்டு அவளுக்கும் ஒட்டிக்கிட்டா?

நந்திதா: ஒட்டும்னு டாக்டர் சொன்னாரா?

மகேஸ்வரன்: கேக்கல… கேட்டு, ஆமான்னுட்டா?

நந்திதா: வெந்நி, சோப்பு, கத்திரிக்காய்… எல்லாம் கேட்டுட்டு இதை விட்டீங்களே! இது ஒட்டுவாரொட்டி இல்லங்க.

மகேஸ்வரன்: உனக்கு யாரு சொன்னா?

நந்திதா: ஊர்ல குழந்தை டாக்டர். போன மாசம்.

மகேஸ்வரன்: போன மாசமா? என் கையை இப்பதானே பாத்த…

நந்திதா: உங்க கைக்காக யாரு கேட்டா? பாப்பா குல்லாவைக் கழட்டுங்க. சட்டைக் கையையும் சுருட்டிப் பாருங்க… கன்னம், முழங்கை மடிப்பு, எல்லாம் உங்க கை மாதிரியே செவப்பு. நீங்க பயந்துருவீங்கன்னுதான் மூடி மூடிப் படம் எடுத்தேன். "அப்பா பக்கம் யாருக்காவது உண்டா"ன்னு டாக்டர் கேட்டாரு, இல்லவே இல்லன்னு அடிச்சுச் சொன்னேன். ஒரு தடவை தொடல நீங்க, அப்படியும் உங்ககிட்டருந்து ரத்தத்துலயே வாங்கிக்கிட்டா பாருங்க. அவ களிம்பு தனியா பையில இருக்கு. கையை அலம்பிட்டு வந்து, நீங்களே தூக்கி வச்சுப் போட்டுவிடுங்க.