திட்டுக்குப் போகும் தடம்

2024 பிப்ரவரி முதல் தேதி, கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊர்க் கண்மாயின் நடுத்திட்டில், மஞ்சள்மூக்கு நாரைகள் நூற்றுப் பன்னிரண்டு கூடுகளில் குஞ்சு பொரித்திருந்தன. எண்ணியது நான்தான். திட்டில் குடிசை போட்டுப் பறவைக் காவல் இருந்தேன். நாலு பக்கமும் தண்ணீர். வாரம் ஒருமுறை தெப்பத்தில் கரைக்குப் போய் அரிசி வாங்கி வருவேன். மற்றபடி பேச்சுத் துணை கிடையாது. அது எனக்குக் குறையாகவும் தெரியவில்லை.

நாரை வெயிலில் நின்று சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுக்கும். தவறி விழுந்த குஞ்சை மட்டும் திரும்பிப் பார்க்காது. அது கீழே கிடந்து கத்தும். தாய் மற்றவற்றுக்கு இரை கொடுத்துக்கொண்டிருக்கும். அதை நான் கொடுமை என்று நினைத்ததில்லை.

கோடையில் கரம்பை மண் அள்ளியவர்கள் கண்மாய்க்குள் பெரிய குழிகளை விட்டுப் போயிருந்தார்கள். தண்ணீர் நிறைந்ததும் குழிகள் தெரியவில்லை. கரையிலிருந்து திட்டுவரை அள்ளாமல் விட்ட ஒரு மேடு உண்டு. அங்கே இடுப்பளவுதான் ஆழம். அந்தத் தடத்துக்குக் குச்சிகள் நட்டு அடையாளம் வைத்தவனும் நான்தான்.

வெள்ளாடு மேய்க்கும் மாயகிருஷ்ணன் அந்தக் குச்சிகளைப் பார்த்து நடந்து வருவார். டிசம்பர் மழையில் அவருடைய ஆடுகளில் பாதி போய்விட்டன. கரையோர மரங்களில் ஆடு தின்னும் நெற்று தீர்ந்ததால், திட்டில் நிற்கும் கருவேல மரங்களைத் தொரட்டியால் உலுக்கிச் சாக்கில் அள்ளிப் போவார். ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று குஞ்சுகள் விழும்.

"வேண்டாம்வே, குஞ்சு சாவுது" என்றேன்.

"நாரைக்குப் பேறுகாலம் பாக்கவா அண்ணாச்சி ஒம்ம இங்கன விட்டிருக்காவ?" என்று சிரித்தார். "எங் குட்டிய மட்டும் காத்தக் குடிச்சா வளரும்? எனக்கு நீச்சலும் தெரியாது. ஒம்ம குச்சிய நம்பித்தான் வாரேன்."

நல்ல மனிதர். போகும்போது ஒரு சொம்பு ஆட்டுப்பால் வைத்துவிட்டுப் போனார். காய்ச்சிக் குடித்தேன்.

மறுநாள் மூன்று குச்சிகளைப் பிடுங்கிப் பத்தடி தெற்கே நட்டேன். கழுத்தளவு நனைந்தால் பயந்து திரும்பிவிடுவார் என்று நினைத்ததாக முதல் வாக்குமூலத்தில் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. மூங்கிலை விட்டு ஆழம் பார்த்துத்தான் நட்டேன். இரண்டு ஆள் உயரம் இருந்தது.

ஒன்பதாம் தேதி நண்பகலில் வந்தார். குழிக்குள் மூழ்கி எழும்பி "அண்ணாச்சி" என்று நாலு தடவை கூப்பிட்டார். தெப்பம் என் காலடியில்தான் கட்டிக் கிடந்தது. அதைத் தள்ளியிருந்தால் நாரைகள் கலைந்து எழும்பியிருக்கும். அந்த வெயிலைக் குஞ்சுகள் தாங்காது. அதனால் நான் அசையவில்லை.

சாயங்காலம் அவர் மனைவி சத்தியபாமா கரையில் நின்று கேட்டார். "எங்க வீட்டுக்காரரு அங்கன வந்தாவளா அண்ணாச்சி?"

"இன்னைக்கு வரலியேம்மா" என்றேன்.

மறுநாள் அவருடைய தொரட்டி மிதப்பதைப் பார்த்து, உடலைத் தேட இருபது பேர் இறங்கினார்கள். மூன்று மணிக்குத்தான் கிடைத்தது. அந்தச் சத்தத்தில் நாரைகள் எல்லாம் எழும்பிப் போய், இருட்டும்வரை திரும்பவில்லை. முப்பத்தொரு குஞ்சுகள் செத்தன.

அவை தேட வந்தவர்களால் செத்தவை. அதை என்மேல் எழுதாதீர்கள்.