ரூபியின் மூக்கு

திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். இளையவள் தலையில் புது மல்லிப்பூ. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி சிக்கி நின்றபோது அவள் சொன்னாள்:

"எங்க வூட்டுக்காரு கொஞ்சிப் பேசுறத நான் ஹார்பர் கேட்டாண்ட நின்னுதான்க்கா கேட்டேன்."

நான் செல்போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"யாராண்ட கொஞ்சினாரு?"

"ரூபியாண்ட. கஞ்சா மோந்து புடிக்கிற நாயி. அவருதான் அதைப் பாத்துக்கிறாரு. ஒரு பார்சலு புடிச்சிட்டா போதும், 'என் செல்லம், என் தங்கம்'னு பந்தைக் குடுத்து அப்படிக் கொஞ்சுறாரு. என்னைக் கூப்புடுறது 'இந்தா'ன்றதோட சரி."

"நாயாண்ட போயி இன்னாடி போட்டி?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் பூ வெச்சதில்லக்கா. அவரு யூனிஃபார்ம்ல வாசனை ஒட்டினா அது மூக்கு கொழம்பிடுமாம்."

"இன்னிக்கு மட்டும் வெச்சினுகீற?"

"ரூபி ரிடையர் ஆயிடுச்சு. காத்தால வூட்டுக்கே இட்டாந்துட்டாரு. வர்ற வழியில ரெண்டு முழம் பூ வாங்கினாரு."

"பாத்தியா, உன் மேலயும் ஆசை கீது."

அவள் பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு முழந்தான்க்கா. இன்னொரு முழம் அது கழுத்துல கீது."